எங்கள் மண்டலத்தையே அலகாக வையுங்கள்

பத்திரம் எழுதுவது என் தொழில். கிரயம், தானம், பாகப் பிரிவினை, அடமானம் என்று எதை எழுதினாலும் கடைசியில் ஷெட்யூல் என்று ஒரு பகுதி வரும். சொத்து எந்த ஜில்லா, எந்த மண்டலம், எந்தக் கிராமம், சர்வே நம்பர் என்ன, நாலு பக்கமும் யார் யார் நிலம் என்பதெல்லாம் அதில்தான். மேலே பக்கம் பக்கமாக எழுதியது சரியாக இருந்தும், ஷெட்யூலில் ஒரு வரி தப்பினால் பத்திரம் நிற்காது. அதனால் மாவட்டப் பிரிவினை பற்றிப் பேச்சு வந்தாலே என் மனம் நேராக அந்த ஷெட்யூலின் முதல் வரிக்குத்தான் போகும்.

ஆந்திராவில் இருக்கும் எங்கள் வடமாலபேட்டை மண்டலத்தின் பெயர் தமிழ்நாட்டு வாசகர்கள் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்கள் ஊர்ச் சாலை தெரிந்திருக்கும். சென்னையிலிருந்து திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் போகும் எல்லா வண்டியும் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். ரயிலில் வந்தால் புத்தூருக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவே தடுக்குப்பேட்டை, பூடி என்று இரண்டு சின்ன ஸ்டேஷன்கள் வரும், அந்தப் பக்கம். பிரசன்ன வெங்கடேஸ்வரர் கோயில் கொண்ட அப்பலாயகுண்டா எங்கள் மண்டலத்து ஊர். எலும்பு முறிந்தால் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் கட்டுப் போட வருகிறார்களே, அந்தப் புத்தூர் எங்களுக்குப் பக்கத்து டவுன். இந்த வட்டாரத்தில் பெரும்பான்மை மொழி தெலுங்கு. வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. நகரிப் பக்கம் போகப் போகத் தமிழ் கூடும். என் வீடும் தமிழ் வீடுதான்.

எங்கள் வீட்டு மரப்பெட்டியில் ஒரே நிலத்துக்கு ஐந்து தலைமுறைப் பத்திரங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் பழையது ஏழாம் எட்வர்டு ராஜாவின் தலை அச்சிட்ட முத்திரைத்தாளில் தமிழில் எழுதியது. ‘வட ஆற்காடு ஜில்லா, கார்வேட்நகரம் ஜமீன்’ என்று தொடங்குகிறது. தாத்தா காலத்துப் பத்திரத்தில் ஆறாம் ஜார்ஜின் தலை; அதுவும் தமிழ்தான், ஆனால் விலாசம் ‘சித்தூர் ஜில்லா, புத்தூர் தாலுகா’. அப்பா எழுபதுகளில் தம்பியோடு பாகம் பிரித்துக்கொண்ட பத்திரம் தெலுங்கு. தொண்ணூறுகளில் எழுதியதில் தாலுகா இல்லை, ‘வடமாலபேட்டை மண்டலம்’ என்று இருக்கிறது. என் பிள்ளைக்கு நான் எழுதிக்கொடுத்த தானப் பத்திரத்தில் முதல் தடவையாகத் ‘திருப்பதி ஜில்லா’. செக்குபந்தியை, அதாவது நாலு பக்க எல்லையை, மட்டும் வரிசையாக வைத்துப் பாருங்கள். வடக்கே ஏரிக் கால்வாய் என்று ஐந்திலும் இருக்கிறது. கிழக்கிலும் தெற்கிலும் பக்கத்து நிலக்காரர்களின் பெயர் மகன், பேரன் என்று இறங்கிவந்திருக்கிறது. நிலம் ஓர் அடி நகரவில்லை.

விலாசம் ஏன் இப்படி மாறியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த நாள் வட ஆற்காட்டுக்கே தலைநகரம் சித்தூர்தான். 1911 ஏப்ரல் 1-ஆம் தேதி, வட ஆற்காட்டின் வடபகுதியையும் கடப்பையிலிருந்து மதனபள்ளி, வாயல்பாடு தாலுகாக்களையும் சேர்த்துச் சித்தூர் ஜில்லா ஆக்கினார்கள். மிச்ச வட ஆற்காட்டுக்கு வேலூர் தலைநகரம் ஆயிற்று. எங்களைப் பொறுத்தவரை அன்று ஜில்லாவின் பெயர் மாறியது, கலெக்டர் இருந்த ஊர் மாறவில்லை. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுதாக அதனோடு போயிற்று. திருத்தணியும் போயிற்று. ம.பொ.சி.யும் திருத்தணி கே. விநாயகமும் நடத்திய வட எல்லைப் போராட்டத்தையும், அதற்கு முன்பே ஊர் ஊராகத் தமிழ்ப் பள்ளிகள் நடத்திய மங்கலங்கிழாரையும் தமிழ்நாட்டில் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எல்லை நடுவர் படாஸ்கரின் பரிந்துரைப்படி 1959-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது; 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. பதிலுக்குச் சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் செங்கல்பட்டிலிருந்து ஆந்திராவுக்கு வந்தன.

தமிழ்நாட்டில் இதைத் திருத்தணி மீட்ட கதையாகச் சொல்கிறார்கள். நியாயம்தான், அது பெரிய போராட்டம். ஆனால் கோடு போட்டு முடித்தபோது கோட்டுக்கு வடக்கே தங்கிப்போன தமிழ்க் குடும்பங்களும், தெற்கே தங்கிப்போன தெலுங்குக் குடும்பங்களும் அதன் பிறகு எப்படி வாழ்ந்தன என்று கேட்டவர்கள் குறைவு. என் தாத்தாவுக்கு மாநிலத் தலைநகரம் முதலில் சென்னை, பிறகு கர்னூல், 1956-லிருந்து ஹைதராபாத். என் பிள்ளைகளுக்கு அமராவதி. வீடு அதே தெருவில்தான் இருக்கிறது.

இனி 2022. அந்த ஆண்டு ஏப்ரல் 4-ஆம் தேதி ஆந்திராவின் 13 மாவட்டங்கள் 26 ஆயின. எங்கள் மண்டலம் புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. இதை நான் மனதார வரவேற்கிறேன். திருப்பதி எங்களுக்குப் பக்கம். பிரசவம் முதல் காலேஜ் வரை எல்லாவற்றுக்கும் அங்கேதான் போகிறோம். சித்தூருக்குப் போவதென்றால் புத்தூர் போய்க் கார்வேட்நகரம் வழியாகச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் திருப்பதிக்கே போய் அங்கிருந்து வேறு பஸ் ஏற வேண்டும். கலெக்டரிடம் ஒரு மனு கொடுக்க, திருப்பதியைத் தாண்டிச் சித்தூருக்குப் போன காலம் முடிந்தது நல்லதே.

பிரித்த விதத்தில்தான் எனக்கு வருத்தம். மக்களவைத் தொகுதிதான் மாவட்டத்துக்கு அடிப்படை என்றார்கள். அந்தக் கணக்குப்படி நாங்கள் சித்தூரில் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் எங்கள் எம்.பி. தொகுதி சித்தூர். சட்டமன்றத் தொகுதி நகரி. நகரி, நிண்ட்ரா, விஜயபுரம், புத்தூர், வடமாலபேட்டை என்று ஐந்து மண்டலங்கள் சேர்ந்த தொகுதி அது. இந்த ஐந்தில் புத்தூரும் நாங்களும் திருப்பதி மாவட்டத்துக்கு வந்தோம். நகரியும் மற்ற இரண்டும் சித்தூரிலேயே நின்றன. ஜில்லா பரிஷத்தை அப்போது பிரிக்கவே இல்லை. எங்கள் மண்டலத்து உறுப்பினர் சித்தூரில் போய்த்தான் உட்கார்ந்தார். வாத்தியார் வேலைக்கான டி.எஸ்.சி. தேர்வில் 2025-லும் பழைய மாவட்டக் கணக்குதான். அதனால் ‘உம்மடி சித்தூர்’, அதாவது பிரிக்காத சித்தூர், என்ற பேச்சு இங்கே இன்னும் போகவில்லை. வேலைக்கு மனுப் போடும் பையன் உம்மடி சித்தூர்க்காரன், ரேஷன் கார்டில் திருப்பதிக்காரன், ஓட்டுப் போடும்போது நகரிக்காரன். சூளூர்பேட்டை, ஸ்ரீஹரிகோட்டா எல்லாம் இப்போது எங்கள் மாவட்டம். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நகரி வேறு மாவட்டம்.

ஒரு கால்வாய் வேலையோ ரோடு வேலையோ தடைப்பட்டால் யாரிடம் போவது என்று எங்கள் பக்கத்து விவசாயிகள் என்னிடம் கேட்பார்கள். எம்.எல்.ஏ. எழுதிக்கொடுக்கும் கடிதம் இரண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டியிருக்கிறது. எந்த அதிகாரியையும் நான் இங்கே குறை சொல்லவில்லை. கோடுகளை வேறு வேறு ஆட்கள் வேறு வேறு காலத்தில் வேறு வேறு தேவைக்காகப் போட்டிருக்கிறார்கள். அவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. லிபியாவின் தெற்கே, கடலே எட்டாத பாலைவனத்தில் ஃபெஸான் என்று ஒரு பகுதி இருக்கிறது. நூற்றாண்டுகளாக அதன் தலைநகரம் முர்சுக் என்ற சோலை ஊர். பின்னால் அந்த இடம் சபா நகரத்துக்குப் போயிற்று. 1951-ல் விடுதலை வந்தபோது ஃபெஸான் மூன்று மாகாணங்களில் ஒன்று. 1963-ல் மாகாணங்களையே எடுத்துவிட்டு நாட்டைப் பத்து மாவட்டங்கள் ஆக்கினார்கள். கடாஃபி காலத்தில் இந்தக் கோடுகள் திரும்பத் திரும்ப அழிந்து எழுந்தன. 2001-ல் 32 பிரிவுகள், 2007-ல் 22. இத்தனைக்குப் பிறகும் அங்கே மனிதர்கள் கூடி வாழ்வது தண்ணீர் இருக்கும் அந்தச் சில சோலைகளில்தான். மேலிருந்து வரும் பிரிவுகள் மாறிக்கொண்டே இருக்கும்போது, கீழே மாறாமல் நிற்கும் சின்ன அலகு எது என்று கண்டுபிடித்து அதைப் பலப்படுத்துவதுதான் அறிவு. அங்கே அது சோலை. எங்களுக்கு அது மண்டலம்.

மண்டலம் வந்தது என்.டி. ராமராவ் ஆட்சியில், 1985-ல். அதற்கு முந்தைய ஆண்டு, பரம்பரையாக வந்த கர்ணம், முன்சீப் பதவிகளை அவர் ஒழித்தார். தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். 1980-ல் செய்த அதே காரியம். அதன் பிறகு பெரிய தாலுகாக்களையும் பஞ்சாயத்து சமிதிகளையும் கலைத்துவிட்டு, மாநிலம் முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மண்டலங்களை உண்டாக்கினார். ஒரு மண்டலம் என்றால் சில பத்துக் கிராமங்கள், நாற்பது ஐம்பதாயிரம் ஜனம். ஒருவர் காலையில் கிளம்பி மண்டல ஆபீசில் வேலையை முடித்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப வேண்டும் என்பது அதன் நோக்கம். மண்டல ரெவின்யூ ஆபீசர், அதாவது எம்.ஆர்.ஓ., என்ற அதிகாரிக்கு இன்று தாசில்தார் என்று பெயர் மாறியும், எங்கள் ஜனம் இன்னும் ‘எம்.ஆர்.ஓ. ஆபீஸ்’ என்றே சொல்கிறார்கள்.

அந்த மாற்றத்துக்கு முன் புத்தூர் தாலுகா ஆபீஸ் வாசலில் சாப்பாட்டு மூட்டையோடு காத்திருந்த கூட்டத்தை நான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். கர்ணம் வீட்டுத் திண்ணையில் அடங்கல் நகலுக்காக நின்ற பெரியவர்களையும் பார்த்திருக்கிறேன். மண்டலம் வந்த பிறகு சாதாரண ஆள் ஆபீசுக்குள் நிமிர்ந்து நடந்து போனார். நிர்வாகப் பிரிவுகளில் இந்த மண்ணில் ஜனங்களுக்காகவே வரைந்தது என்று நான் ஒப்புக்கொள்வது அது ஒன்றைத்தான். 2019 அக்டோபர் 2 முதல் ஊர் ஊருக்குக் கிராம சச்சிவாலயங்களும் வந்துவிட்டன. மாவட்டம் மூன்று தடவை பெயர் மாறலாம். மண்டலம் நாற்பது ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது.

இந்த மண்டலத்துக்குள் தமிழுக்கு என்ன இடம் என்பதுதான் எனக்கு இப்போது பெரிய கேள்வி.

மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்த 1956-லேயே, கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தங்கிப்போகிறவர்களை நினைத்து மத்திய அரசு ஒரு பாதுகாப்புக் குறிப்பை வெளியிட்டது. அரசியல் சட்டத்தில் 350-ஏ, 350-பி என்ற பிரிவுகளும் அந்த ஆண்டில்தான் சேர்ந்தன. தாய்மொழியில் ஆரம்பக் கல்வி கிடைக்க மாநிலம் முயல வேண்டும் என்பது முதலாவது. மொழிச் சிறுபான்மையினருக்கென்று தனி அதிகாரி வேண்டும் என்பது இரண்டாவது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு கணக்கு ஏற்கெனவே இருந்தது. ஒரு பள்ளியில் 40 பிள்ளைகளோ ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ இருந்தால் அவர்கள் மொழியில் சொல்லிக்கொடுக்க வாத்தியார் போட வேண்டும். அரசு அறிவிப்புகளுக்கு இன்னொரு கணக்கு. ஒரு நகராட்சியிலோ தாலுகா போன்ற சிறிய அலகிலோ 15 முதல் 20 சதவீதம் பேர் ஒரு மொழி பேசினால், முக்கியமான அறிவிப்புகளை அந்த மொழியிலும் வெளியிட வேண்டும்.

தாலுகா என்ற அந்த அலகைக் கவனியுங்கள். ஆந்திராவில் பழைய தாலுகா 1985-லேயே போய்விட்டது. அதன் இடத்தில் இருப்பது மண்டலம். அப்படியானால் அந்த 15 சதவீதத்தை மண்டலத்தில்தான் எண்ண வேண்டும். மாவட்டத்தை வைத்து எண்ணினால் எங்கள் தமிழ் காணாமல் போகும். நாயுடுபேட்டையையும் சூளூர்பேட்டையையும் சேர்த்த மாவட்டத்தில் எங்களைக் கலந்து கணக்குப் போட்டால் நாங்கள் எத்தனை பேர் என்பதே தெரியாது. 2022-ல் நடந்தது அதுதான். பழைய சித்தூர் மாவட்டத்துக்குள் நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் எல்லாம் ஒரே கணக்கில் இருந்தன. இப்போது சத்தியவேடும் புத்தூரும் நாங்களும் ஒரு பக்கம்; நகரியும் குப்பமும் இன்னொரு பக்கம். தமிழர்களைப் பிரிக்க வேண்டும் என்று யாரும் திட்டம் போட்டதாக நான் நினைக்கவில்லை. மொழி அந்த வரைபடத்தின் எந்த மூலையிலும் ஒரு காரணமாக இருக்கவில்லை, அவ்வளவுதான். மாவட்டங்களைப் பிரிக்க 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்க வேண்டும், கேட்டார்கள். ஆனால் ஒவ்வொரு மண்டலத்திலும் எந்த மொழி பேசுவோர் எத்தனை பேர் என்ற ஒரு தாளைக்கூட மண்டல ஆபீஸ் வாசலில் நான் பார்க்கவில்லை. தாளே இல்லாதபோது எதை வைத்து ஆட்சேபிப்பது?

அறிவிப்பு தமிழில் இருந்தால் என்ன, தெலுங்கில் இருந்தால் என்ன, எல்லாருக்கும் இரண்டும் தெரியுமே என்று சொல்பவர்கள் உண்டு. பேசத் தெரியும். படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் அல்ல. 2020 டிசம்பரில் தொடங்கிய மறு நில அளவையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பழைய சர்வே நம்பர்கள் போய் எல்.பி.எம். நம்பர் என்ற புது எண் வருகிறது. அளக்க வருகிற நாளில் நிலக்காரர் வந்து தன் எல்லையைக் காட்ட வேண்டும். நோட்டீஸ் தெலுங்கில் வரும். தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்த எழுபது வயதுப் பெரியவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எப்போது என்னைப் பார்க்கிறாரோ அப்போது காட்டுவார். சில சமயம் தேதி போயிருக்கும். அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். தன் நிலத்தின் புது எண் தனக்குத் தெரியாமலே எழுதப்பட்டுவிட்டது என்று தெரிந்தவரின் முகம் அது.

அதைவிட எனக்கு நெருக்கமான விஷயம் பழைய தமிழ்ப் பத்திரங்கள். ஆந்திராவில் வில்லங்கச் சான்று, அதாவது ஈ.சி., 1983 முதல் கம்ப்யூட்டரில் கிடைக்கிறது. அதற்கு முந்தையது வேண்டுமானால் பதிவேடுகளைக் கையால் புரட்ட வேண்டும். இந்த வட்டாரத்தில் இன்னும் பின்னால் போகப் போக, தமிழில் எழுதிய பத்திரங்கள் வந்துகொண்டே இருக்கும். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் இப்போது விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். தமிழ் படித்தவராக இருந்தால் மட்டும் போதாது. அந்தக் கையெழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் இருக்காது. கணக்கு எல்லாம் தமிழ் எண்கள். ஒன்று என்பது ‘க’ போல இருக்கும், ஏழு ‘எ’ போல, எட்டு ‘அ’ போல. அரைக்கால், மாகாணி என்று பின்னங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுழி. நான் இதை என் தாத்தாவின் மடியில் உட்கார்ந்து கற்றேன். எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதைச் சொல்லித் தரவில்லை.

கல்யாணமாகித் தமிழ்நாட்டுப் பக்கம் போன ஓர் அம்மா, தாய்வீட்டுப் பங்குக்கான வழக்கில் சிக்கி என்னிடம் வந்தார். கையில் பழைய தமிழ்ப் பத்திரத்தின் நகலும், கோர்ட்டுக்காகச் செய்த தெலுங்கு மொழிபெயர்ப்பும் இருந்தன. மொழிபெயர்ப்பில் நிலத்தின் அளவு ‘காணி’ என்று மட்டும் இருந்தது. படித்தால் ஒரு காணி என்றுதான் தோன்றும். மூலத்தைப் பார்த்தேன். ‘காணி’ என்ற சொல்லுக்கு முன்னால் ஓர் ‘அ’ நின்றுகொண்டிருந்தது. மொழிபெயர்த்தவர் அதை ஏதோ எழுத்து என்று நினைத்து விட்டுவிட்டார். அது எட்டு. காணி என்றால் ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. எட்டுக் காணி என்றால் பத்து ஏக்கருக்கு மேல். அந்த ஓர் எழுத்துக்காக அந்தக் குடும்பம் பல வருஷம் அலைந்திருக்கிறது. நான் எழுத்தைக் காட்டி எட்டு என்று சொன்னபோது அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. நகலை வாங்கி, அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டே இருந்தார்.

இது ஒரு குடும்பத்தோடு நிற்கும் விஷயமல்ல. ரேணிகுண்டா விமான நிலையமும் நாலு வழிச் சாலையும் இருக்கும் வட்டாரத்தில் நிலத்தின் விலை எங்கே போய் நிற்கும் என்று சொல்லவே வேண்டாம். விலை ஏற ஏற வழக்கு ஏறும். வழக்கு ஏற ஏறப் பழைய பத்திரம் வெளியே வரும். அதைப் படிக்க அப்போது நாங்கள் இருக்க மாட்டோம்.

இதற்கு வழி தூரத்தில் இல்லை. திருப்பதியிலேயே ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறை இருக்கிறது. குப்பத்தில் 1997-ல் தொடங்கிய திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆந்திர அரசு தொடங்க, தமிழ்நாடும் கர்நாடகமும் கேரளமும் கை கொடுத்த பல்கலைக்கழகம் அது. தென்னிந்திய மொழிகளை ஒரே வளாகத்தில் படிப்பதற்கென்றே கட்டியது. பதிவுத் துறை அந்த மாணவர்களைப் பத்துப் பேராக அனுப்பச் சொல்லட்டும். எங்களைப் போன்ற பழைய பத்திர எழுத்தர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருகிறோம், காசு வேண்டாம். பதிவேடுகளைப் படம் எடுத்து, ஒவ்வொரு பத்திரத்துக்கும் தெலுங்கில் ஒரு சுருக்கம் எழுதி வைத்துவிட்டால், நாளைக்கு வரும் எழுத்தர் தமிழ் தெரியாமலே வேலை பார்க்கலாம். பதிவேடுகளை எந்த வரிசையில் எடுப்பது? பழைய ஜில்லா, பழைய தாலுகா என்று போனால் குழம்பிவிடும், கோடு அத்தனை தடவை மாறியிருக்கிறது. இன்றைய மண்டலத்தை வைத்து, அதன் ஒவ்வொரு ரெவின்யூ கிராமத்தையும் பின்னோக்கித் தேடினால் போதும். கிராமத்தின் பெயர் 1900-லும் அதுதான், இன்றும் அதுதான்.

அடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2011-க்குப் பிறகு எடுக்கவே இல்லை. இனி எடுப்பது 2027-க்கானது. நிர்வாக எல்லைகளை 2025 டிசம்பர் 31-ஆம் தேதி எப்படி இருந்தனவோ அப்படியே நிறுத்திவைத்து எண்ணுகிறார்கள். திருப்பதி என்ற மாவட்டம் முதல் தடவையாக எண்ணிக்கைக்கு வருகிறது. தாய்மொழி எது என்ற கேள்வி அதில் உண்டு. எங்கள் பக்கத்தில் பலர் அதற்கு யோசிக்காமல் தெலுங்கு என்று சொல்லிவிடுகிறார்கள். எழுதுகிறவர் தெலுங்கில் கேட்பார், இவர்கள் தெலுங்கில் பதில் சொல்வார்கள், பேச்சு மொழியே தாய்மொழியாக விழுந்துவிடும். சிலருக்குப் பயமும் உண்டு. தமிழ் என்று சொன்னால் உள்ளூர்க்காரர் இல்லை என்று ஆகிவிடுமோ, ரேஷனும் பென்ஷனும் போய்விடுமோ என்று. அப்படி எதுவும் ஆகாது என்று எங்கள் தெருவில் நான் சொல்லிவருகிறேன். கணக்கெடுத்து முடித்ததும் அரசு செய்ய வேண்டியது மண்டலம் மண்டலமாகத் தாய்மொழி எண்ணிக்கையை மண்டல ஆபீஸ் பலகையில் ஒட்டுவது. பதினைந்து சதவீதம் தாண்டினால் அந்த மண்டலத்தில் நில அளவை நோட்டீஸ், வாக்காளர் பட்டியல் அறிவிப்பு, நஷ்டஈட்டு அறிவிப்பு ஆகிய மூன்றுமாவது தமிழிலும் வரட்டும். வடமாலபேட்டை அந்த அளவைத் தாண்டாமல் போனால் நான் முணுமுணுக்க மாட்டேன். நகரி தாண்டும், விஜயபுரம் தாண்டலாம். எண்ணிப் பார்த்த பிறகு வரும் பதில் எதுவானாலும் மரியாதையான பதில்.

தமிழ்நாட்டு வாசகர்களிடம் நேராக ஒன்று கேட்க விரும்புகிறேன். திருத்தணியிலும் பள்ளிப்பட்டிலும் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் எங்களைப் போலவே கோட்டுக்குத் தவறான பக்கத்தில் தங்கியவர்கள்தான். 1953-க்கும் 1960-க்கும் நடுவே ஆந்திராவில் இருந்த காலத்துப் பத்திரங்கள் அங்கே தெலுங்கில் இருக்கின்றன. அவற்றைப் படித்துச் சொல்லுங்கள் என்று என்னிடம் பஸ் ஏறி வருகிறார்கள். அவர்கள் தாலுகாவும் திருத்தணி வந்த நாளில் செங்கல்பட்டு மாவட்டம், 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு தங்கள் பிள்ளைகளின் தெலுங்குப் பாடம் என்ன ஆகுமோ என்று அவர்கள் பட்ட கவலையை நான் காதால் கேட்டிருக்கிறேன். தமிழ் படிப்பது அவர்களுக்கு நல்லது. நான் தெலுங்கு படித்தது எனக்கு நல்லதாக ஆனதைப் போல. ஆனால் வீட்டு மொழி பள்ளியில் ஒரு பாடமாக நிற்க வேண்டும், வட்ட ஆபீஸ் அறிவிப்பில் ஒரு பத்தியாக வர வேண்டும். அமராவதியில் போய்த் தமிழுக்கு நாங்கள் எதைக் கேட்கிறோமோ, அதைச் சென்னை முதலில் பள்ளிப்பட்டில் தெலுங்குக்குச் செய்து காட்டட்டும். வட்டாட்சியர் அலுவலகப் பலகையில் தமிழுக்குக் கீழே தெலுங்கில் ஒரு நில அறிவிப்பு ஒட்டியிருந்தால், பஸ் ஏறிப் போய்ப் போட்டோ எடுத்துவந்து எங்கள் எம்.ஆர்.ஓ. மேஜையில் வைக்க நான் தயாராக இருக்கிறேன்.